சுழற்காற்றுக்குப் பின் ஜாப்லின்: ஒரு நகரும் ஒரு பள்ளிவாசலும் மீண்டெழுந்த வரலாறு

 

ஓர் ஊரை ஊராக நிறுத்துவது எது என்னும் வினாவுக்கு அமைதிக் காலத்தில் விடை காண்பது எளிதன்று. வீடுகளும் வீதிகளும் கடைகளும் கல்விக்கூடங்களும் கண்முன் நிற்கும்போது அவற்றையே ஊர் என்று எண்ணிவிடுகிறோம். அவையெல்லாம் அரை மணி நேரத்திற்குள் இடிபாடுகளாகிவிட்டால் எஞ்சியிருப்பது எது? அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஜாப்லின் நகர மக்கள், 2011ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் மாலையில் இவ்வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடையை வரலாற்று நோக்கில் தொகுத்து இம்மலரின் வாசகர்களுக்கு அளிக்க விழைகிறோம். அந்நகரில் வாழும் சுமார் ஐம்பது முஸ்லிம் குடும்பங்களும் அவர்களுடைய பள்ளிவாசலும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயமாக இடம்பெறுவதால், நம் ஜமாஅத்தார் இதனை அறிந்திருத்தல் பெரிதும் பயனுடையதாகும்.

டொர்னாடோ என்பது யாது?

நம் கடற்கரை மக்கள் அறிந்த புயல் வேறு. டொர்னாடோ எனப்படும் சுழற்காற்று வேறு. புயல் கடலில் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்திற்குப் பரவி, நாட்கணக்கில் நகர்ந்து கரையை அடைவது. அதன் வருகையை வானிலை ஆய்வாளர்கள் பல நாட்களுக்கு முன்னரே அறிந்து கூற இயலும். சுழற்காற்றோ நிலத்தின் மீது இடிமேகத்திலிருந்து தூண்போல் இறங்குவது. பெரும்பாலும் அதன் அகலம் சில நூறு மீட்டரே இருக்கும். ஆயுளும் சில நிமிடங்களே. ஆயினும் அச்சிறு வட்டத்திற்குள் அதன் வேகம் எந்தப் புயலையும் விஞ்சக்கூடியது. ஒரு தெருவை அடியோடு பெயர்த்துவிட்டு, அடுத்த தெருவில் ஒரு பூந்தொட்டியையும் அசைக்காமல் சென்றுவிடுவதும் உண்டு.

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் வெப்பமான ஈரக்காற்றும், மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்றும் சந்திக்கும் அமெரிக்காவின் நடுச் சமவெளிகள் இதன் பிறப்பிடம். உயரத்திற்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுபடும்போது மேகத்தின் உட்பகுதியே சுழலத் தொடங்கி, அச்சுழற்சி சில வேளைகளில் தரையைத் தொடுகிறது. அந்நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்காற்றுகள் பதிவாகின்றன. இவற்றின் வலிமையை அளக்க ஃபுஜிட்டா என்னும் ஜப்பானிய அமெரிக்க அறிஞர் 1971ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வகுத்தார். அது திருத்தியமைக்கப்பெற்று 2007 முதல் வழக்கில் உள்ளது. சுழியத்திலிருந்து ஐந்து வரையிலான அவ்வளவுகோலில் ஐந்தாம் நிலையே உச்சம்.

இத்துன்பம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. உலகில் மிக அதிக உயிர்களைக் குடித்ததாகக் கருதப்படும் சுழற்காற்று, 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளைத் தாக்கியதேயாகும். சுமார் 1,300 பேர் அதில் மாண்டதாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஓலையும் தகரமும் கொண்டு அமைந்த எளிய குடியிருப்புகள் அவை. செல்வச் செழிப்புடைய நாட்டின் கட்டடங்களும் ஐந்தாம் நிலைக் காற்றின் முன் நிலைகொள்ளவில்லை என்பதை ஜாப்லின் வரலாறு காட்டுகிறது.

சுரங்கத்தில் பிறந்த நகரம்

ஜாப்லின் 1873ஆம் ஆண்டு நகராட்சியாக அமைக்கப்பெற்றது. ஈயமும் துத்தநாகமும் அதன் மண்ணுக்கடியில் குவிந்து கிடந்தமையால் சுரங்கத் தொழிலாளர் பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறினர். சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும், அமெரிக்காவின் புகழ்பெற்ற 66ஆம் எண் நெடுஞ்சாலை அவ்வழியே சென்றதால் நகரம் வணிகத்தாலும் போக்குவரத்தாலும் மருத்துவமனைகளாலும் வாழ்ந்தது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. சென்னையின் ஒரு பேட்டையளவே உள்ள அந்நகரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தன.

சுரங்க மண்ணின் இயல்பு பின்னாளில் ஒரு தீங்கையும் விளைத்தது. பாறையும் நிலத்தடி நீரும் மேலாகவே இருந்தமையால், அப்பகுதி வீடுகளில் நிலவறை தோண்டுவது வழக்கமாக இல்லை. நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் நிலவறை கிடையாது. சுழற்காற்று வரும்போது ஒளிந்துகொள்ள மிகச் சிறந்த இடம் நிலவறையே என்பதை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விளங்கும்.

மே 22, மாலை

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜாப்லின் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த மாணவர்களுக்கு அங்குள்ள பல்கலைக்கழக அரங்கில் பட்டமளிப்பு விழா நடந்து முடிந்து, பெற்றோரும் பிள்ளைகளும் மகிழ்வுடன் கலைந்துகொண்டிருந்தனர். மாலை 5.11 மணிக்கு நகரின் அபாயச் சங்குகள் முதன்முறை ஒலித்தன. 5.17 மணிக்கு வானிலைத் துறை ஜாப்லின் நகருக்கென எச்சரிக்கை விடுத்தது. 5.34 மணியளவில் நகரின் மேற்கு எல்லையில் சுழற்காற்று தரையைத் தொட்டது.

பிறகு நிகழ்ந்ததைச் சொற்களால் விளக்குவது கடினம். மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்துடன், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் அகலத்தில், நகரின் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக அது ஊடறுத்துச் சென்றது. கனமழை அதனைப் போர்வைபோல் மூடியிருந்தமையால், அருகில் வரும்வரை பலருடைய கண்ணுக்கு அது தென்படவேயில்லை. அது தரையில் இருந்தது மொத்தம் 38 நிமிடங்கள். கடந்த தொலைவு சுமார் 35 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 7,500 குடியிருப்புகள் சேதமுற்றன அல்லது அழிந்தன. 161 பேர் உயிரிழந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஒரே சுழற்காற்றில் அமெரிக்கா இத்தனை உயிர்களை இழந்தது 1947ஆம் ஆண்டிற்குப் பின் அதுவே முதன்முறை. சேத மதிப்பு ஏறத்தாழ 280 கோடி டாலர்.

உயிரிழந்தோரில் மிகப் பெரும்பாலோர் கட்டடங்களுக்குள் இருந்தவர்கள் என்பது பின்னர் நடந்த ஆய்வில் வெளிப்பட்டது. முதியோர் இல்லம் ஒன்று முற்றிலும் தகர்ந்தது. பெரிய வணிகக் கூடம் ஒன்றில் கூரை பெயர்ந்ததும், அதனைத் தாங்கி நின்ற காங்கிரீட் சுவர்கள் வரிசையாகச் சரிந்தன. கூரையும் சுவரும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கட்டடத்தில் ஒன்று போனால் மற்றொன்றும் நில்லாது என்னும் உண்மையைப் பொறியாளர்கள் அங்கே மீண்டும் கற்றனர்.

கேட்டும் கேளாதிருந்த எச்சரிக்கை

முதல் சங்கு ஒலித்ததற்கும் சுழற்காற்று தரை தொட்டதற்கும் இடையே இருபது நிமிடங்களுக்கு மேல் இருந்தன. அவ்விருபது நிமிடங்களில் மக்கள் செய்தது என்ன? அமெரிக்க வானிலைத் துறை உயிர் தப்பியோரைச் சந்தித்து இதனை ஆராய்ந்தது. அதன் முடிவு நம் அனைவரின் சிந்தனைக்கும் உரியது.

பெரும்பாலோர் முதல் சங்கொலியைக் கேட்டவுடன் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லவில்லை. ஆண்டுதோறும் பலமுறை அச்சங்கு ஒலிப்பதும், ஒன்றும் நிகழாது போவதும் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆதலால் சிலர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தனர். சிலர் தொலைக்காட்சியை இயக்கினர். சிலர் உறவினருக்குத் தொலைபேசியில் பேசினர். இரண்டாம் முறை சங்கு ஒலித்தபோதோ, தொலைக்காட்சியில் அறிவிப்பாளரின் குரல் நடுங்கியதைக் கேட்டபோதோ, அண்டை வீட்டார் ஓடிவந்து கதவைத் தட்டியபோதோதான் அவர்கள் அசைந்தனர்.

இயந்திரத்தின் ஒலியைவிடத் தெரிந்த மனிதரின் குரலுக்கே மக்கள் செவிசாய்க்கின்றனர் என்னும் இவ்வுண்மை வானிலைத் துறையின் நடைமுறையையே மாற்றியது. வெறும் எச்சரிக்கையாக இல்லாமல், நேரக்கூடிய சேதத்தை வெளிப்படையாக எடுத்துரைக்கும் அறிவிப்பு முறை 2012 முதல் சோதனை முறையில் தொடங்கப்பெற்று, பின்னர் அமெரிக்கா முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

அந்நிமிடங்களில் மனித மாண்பை உயர்த்திய நிகழ்வுகளும் உண்டு. சாலையோரக் கடை ஒன்றில் ஒதுங்கிய இருபதுக்கும் மேற்பட்டோர், முன்பின் அறியாதவர்கள், பொருள்களைக் குளிரூட்டி வைக்கும் அறைக்குள் ஒருவர் மேல் ஒருவராக நெருங்கிக் கிடந்தனர். கடை முழுவதும் சிதைந்தது. அவ்வறை மட்டும் நின்றது. அதிலிருந்த அனைவரும் பிழைத்தனர். மற்றோர் உணவகத்தில் அதன் மேலாளரான இளைஞர் வாடிக்கையாளர்களையும் பணியாளர்களையும் குளிர்பதன அறைக்குள் அனுப்பினார். அதன் கதவு உள்ளிருந்து மூடாத நிலையில், கயிற்றைத் தம் கையில் சுற்றிக்கொண்டு கதவை இழுத்துப் பிடித்து நின்றார். காற்று அவரைப் பறித்துச் சென்றது. உள்ளிருந்தோரில் பெரும்பாலோர் உயிர் தப்பினர். தம் கடையில் உணவருந்த வந்தவர் என்பதற்கு மேல் அவர்களுக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.

மருத்துவமனையே நோயாளியானபோது

நகரின் இரு பெரும் மருத்துவமனைகளுள் ஒன்றான புனித ஜான் மருத்துவமனை ஒன்பது மாடிகளைக் கொண்டது. அன்று அதில் 183 நோயாளிகள் இருந்தனர். மாலை 5.41 மணிக்குச் சுழற்காற்று அதன்மீது நேராக மோதியது. மோதல் ஒரு நிமிடத்திற்கும் குறைவே நீடித்தது. சன்னல்கள் அனைத்தும் உடைந்தன, மின்சாரம் நின்றது, அவசர மின்னாக்கியும் அழிந்தது. செயற்கைச் சுவாசக் கருவிகளின் துணையில் வாழ்ந்த ஐந்து நோயாளிகளும் பார்வையாளர் ஒருவரும் இறந்தனர். அங்கிருந்த மருத்துவப் பதிவேடுகளும் ஊடுகதிர்ப் படங்களும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் வீட்டு முற்றங்களில் விழுந்துகிடந்தன.

எஞ்சிய நோயாளிகளை ஊழியர்கள் இருளில் படிக்கட்டுகளின் வழியே போர்வையிலும் கதவுப் பலகையிலும் சுமந்து இறக்கினர். அருகிலிருந்த மற்றொரு மருத்துவமனை இரவெல்லாம் காயமுற்றோரால் நிரம்பியது. ஒரே வாரத்தில், மே 29ஆம் நாள், கூடாரங்களால் ஆன மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. கட்டடம் இல்லாதுபோன நிலையிலும் மருத்துவமனை நிர்வாகம் ஊழியர்களுக்கு ஊதியம் வழங்கிவந்தது. அவர்கள் ஊரைவிட்டுப் போயிருந்தால் ஊரின் மருத்துவமே போயிருக்கும். பழைய கட்டடம் 2012இல் இடித்தகற்றப்பட்டு, புதிய மருத்துவமனை 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேறிடத்தில் திறக்கப்பட்டது.

காற்று ஓய்ந்த பின்னும் சாவு ஓயவில்லை. மண்ணும் மரத்துண்டுகளும் ஆழப் பதிந்த காயங்களின் வழியே அரிய பூஞ்சைத் தொற்று ஒன்று 13 பேரைப் பற்றியது. அவர்களுள் ஐவர் இறந்தனர். மேலாகப் பார்க்க ஆறியதுபோல் தோன்றும் காயத்தையும் பேரிடரின்போது புறக்கணிக்கலாகாது என மருத்துவ உலகம் இதிலிருந்து பாடம் பெற்றது.

காணாமற்போனோர் பட்டியல்

பேரிடருக்குப் பின் முதலில் எழும் கேள்வி, “யார் இருக்கிறார், யார் இல்லை?” என்பதே. தொலைபேசிகள் செயலிழந்தன. தெருப்பெயர்ப் பலகைகள் பறந்துவிட்டமையால் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தம் வீதி எதுவெனத் தெரியவில்லை. ஏறத்தாழ 1,500 பேரைப் பற்றிய தகவல் இல்லை என அதிகாரிகள் முதலில் அறிவித்தனர். பின்னர் 232 பெயர்கள் கொண்ட பட்டியல் வெளியிடப்பட்டது. ஒவ்வொரு பெயராகத் தேடி, உயிருடன் இருப்போரைக் கண்டறிந்து நீக்கி, இறந்தோரை உறுதி செய்தனர். அடையாளம் காண்பதில் பிழை நேர்ந்துவிடக் கூடாதென்று மரபணுச் சோதனை முதலியவற்றை மேற்கொண்டதால், உறவினர் உடல்களைப் பெற நாட்கணக்கில் காத்திருந்து மனம் வெதும்பினர். இறந்தவரை உரிய காலத்தில் அடக்கம் செய்வதன் அருமையை அறிந்த நமக்கு அவ்வேதனை நன்கு புரியும்.

இப்பட்டியல் விரைவாகக் குறைந்ததற்கு அண்டை வீட்டாரின் அறிவும் துணைநின்றது. எந்த வீட்டில் எத்தனை பேர், நடக்க இயலாத முதியவர் எந்த அறையில் உறங்குவார், ஞாயிறு மாலையில் அவ்வீட்டார் எங்கே சென்றிருப்பர் என்பன எந்த அரசு அலுவலகத்தின் ஏட்டிலும் இரா. மீட்புப் படை வந்து சேருமுன் இடிபாடுகளிலிருந்து பலரை இழுத்தெடுத்தவர்களும் அவர்களே.

மீண்டும் எழுப்புதல்

தன்னார்வலர் நாடெங்கிலுமிருந்து திரண்டனர். அடுத்த ஓராண்டிற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜாப்லினில் பணியாற்றினர் என்பது பதிவாகியுள்ளது. நகர மக்கள்தொகையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட கைகள்! மலைபோற் குவிந்த இடிபாடுகளில் பெரும்பகுதி ஆகஸ்ட் மாதத் தொடக்கத்திற்குள் அகற்றப்பட்டது. கிளறப்பட்ட மண்ணில் பழைய சுரங்கங்களின் ஈயநஞ்சு மேலெழுந்ததால், வீடு கட்டுமுன் மண்ணைச் சோதித்துத் தூய்மை செய்யும் பணியும் சேர்ந்துகொண்டது.

நகரத் தலைவர்கள் முதன்மையாகக் கருதியது பள்ளிக்கூடத்தை. பிள்ளைகளின் கல்விக்கு இடமில்லையெனில் குடும்பங்கள் வேறு ஊருக்குப் போய்விடும். போனவர் திரும்புவது அரிது. உயர்நிலைப் பள்ளி உட்படப் பல பள்ளிகள் அழிந்தும் சிதைந்தும் கிடந்த நிலையில், திட்டமிட்ட நாளிலேயே, ஆகஸ்ட் 17ஆம் நாள், வகுப்புகள் தொடங்கும் என அறிவித்தனர், அவ்வாறே தொடங்கினர். மேல்வகுப்பு மாணவர்கள் வணிக வளாகம் ஒன்றில் காலியாக இருந்த கடையை வகுப்பறைகளாக்கிக் கற்றனர்.

இங்கே வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அழிந்த பள்ளியின் மாணவர்களுக்குப் பாடநூல்களுக்கு மாற்றாக மடிக்கணினிகள் வழங்க முன்வந்தது ஐக்கிய அரபு அமீரகம். அதற்காகப் பத்து லட்சம் டாலர் வரையிலான உதவியை அந்நாடு அளித்தது. புதிய மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவிற்கும் 50 லட்சம் டாலர் நன்கொடை வழங்கியது. உலக வரைபடத்தில் தேடிக் காண வேண்டிய ஒரு சிறு நகரின் பிள்ளைகள்மீது பாலைவன நாடு ஒன்று காட்டிய பரிவு அது.

இடிந்த உயர்நிலைப் பள்ளியின் பெயர்ப்பலகையில், ஜாப்லின் என்னும் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துகளுள் ‘ஓ’, ‘பி’ என்னும் இரண்டு மட்டுமே எஞ்சின. யாரோ ஒருவர் ஒட்டுநாடாவால் முன்னே ஓர் எழுத்தும் பின்னே ஓர் எழுத்தும் சேர்த்து, ‘ஹோப்’, அதாவது ‘நம்பிக்கை’ என்னும் சொல்லாக அதனை ஆக்கிவிட்டார். நகரம் மீளும் வரை அது மக்களின் அடையாளமாக விளங்கியது.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. நகர மக்கள் தாமே கூடி, தெரு எப்படி இருக்க வேண்டும், பூங்கா எங்கே வேண்டும் என்று எழுதிக்கொடுத்த கருத்துகளைக் குடிமக்கள் குழு ஒன்று திரட்டி 2011ஆம் ஆண்டு இறுதிக்குள் அறிக்கையாக அளித்தது. அக்கருத்துகளுள் பல நிறைவேறின. ஆனால் பெரும் வளர்ச்சித் திட்டங்களை நடத்த வெளியூர் நிறுவனம் ஒன்றை நகராட்சி அமர்த்தியது. அந்நிறுவனம் பல கோடித் திட்டங்களை அறிவித்துவிட்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தொடங்காமலேயே 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைவிட்டகன்றது. ஊரார் கூடிப் பேசி எடுத்த சிறு முடிவுகள் நிலைத்தன. வெளியார் காட்டிய பெருங்கனவு கலைந்தது. சொந்த வீடும் காப்பீடும் உடையோர் விரைவில் எழுந்தனர். வாடகை வீட்டில் இருந்த ஏழைகளோ நெடுநாள் தற்காலிகக் கூண்டு வீடுகளில் காலம் கழித்தனர். அவ்வாறு தங்கிய குடும்பங்கள் 500க்கும் அதிகம்.

பள்ளிவாசல் எரிந்த இரவு

ஜாப்லின் நகர முஸ்லிம்களுள் பலர் அங்குள்ள மருத்துவமனைகளில் பணிபுரிவோர். நகரின் எல்லையில் ஒரு கட்டடத்தை 2007 முதல் பள்ளிவாசலாகவும் சமூகக் கூடமாகவும் பயன்படுத்தி வந்தனர். சுழற்காற்றுக்குப் பின் நிவாரணப் பணிகளில் அவர்களும் தோளோடு தோள் நின்றனர். சுழற்காற்றிலிருந்து தப்பிய அப்பள்ளிவாசல் மனிதனின் வெறுப்பிலிருந்து தப்பவில்லை.

2008ஆம் ஆண்டிலேயே அதன் பெயர்ப்பலகைக்கு யாரோ தீயிட்டிருந்தனர். 2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், எரியும் பொருள் ஒன்றைக் கூரைமீது ஒருவன் வீசியது கண்காணிப்புப் படக்கருவியில் பதிவாயிற்று. அன்று சேதம் குறைவே. ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையிலோ, ரமளான் மாதத்தின் நடுவே, பள்ளிவாசல் முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு முந்தைய நாள்தான் விஸ்கான்சின் மாநிலத்தில் சீக்கியர்களின் குருத்வாராவில் வெறியன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டுப் பலரைக் கொன்றிருந்தான். அச்சூழலில் ஜாப்லின் முஸ்லிம் குடும்பங்களின் அச்சம் எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

பதினைந்து மாதங்களுக்கு முன் தம் வீடுகளை இழந்து, வீடின்மை என்றால் என்னவென்று அறிந்திருந்த நகரம் அது. தேவாலயம் ஒன்று தன் கூடத்தைத் திறந்து முஸ்லிம்களுடன் சேர்ந்து இஃப்தார் விருந்து நடத்தியது. கிறித்தவக் கல்லூரி மாணவி ஒருவரின் முயற்சியால் அதே மாதத்தில் பூங்கா ஒன்றில் எல்லாச் சமயத்தாரும் கூடி, அண்டை வீட்டாரை நேசிப்போம் என்னும் செய்தியை உலகிற்கு உரைத்தனர். மீண்டும் கட்டுவதற்கென இணையத்தில் திரட்டப்பட்ட நிதி நான்கு லட்சம் டாலரைத் தாண்டியது. கொடுத்தவர்களுள் பெரும் எண்ணிக்கையினர் முஸ்லிம் அல்லாதோர்.

தீவைத்தவன் 2013ஆம் ஆண்டு அக்டோபரில் வேறொரு தீவைப்பு முயற்சியின் தொடர்பில் பிடிபட்டான். 2016இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றான். அதற்கு முன்பே, 2014ஆம் ஆண்டிலேயே புதிய பள்ளிவாசல் திறக்கப்பட்டுவிட்டது. சட்டம் தன் வழியில் மெல்ல நடந்தது. அண்டை வீட்டார் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டனர்.

இந்த உதவி ஒரே நாளில் முளைத்ததன்று. நோயுற்றபோது மருந்து தந்த மருத்துவரை, பிள்ளைகள் ஒரே வகுப்பில் பயிலும் பெற்றோரை, இடிபாடு அகற்றும்போது பக்கத்தில் நின்றவரை ஊரார் முன்பே அறிந்திருந்தனர். முகமறியாத சமூகமாக அவர்கள் ஒதுங்கி வாழ்ந்திருந்தால் பள்ளிவாசல் எரிந்தது வெறும் நாளிதழ்ச் செய்தியாகப் போயிருக்கும்.

இன்றைய ஜாப்லினும் நமக்குரிய படிப்பினையும்

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜாப்லினின் மக்கள்தொகை 51,000ஐத் தாண்டியிருந்தது. அழிவுக்கு முன் இருந்ததைவிட அது சற்றே அதிகம். 2014இல் திறக்கப்பட்ட புதிய உயர்நிலைப் பள்ளி உட்படப் பள்ளிக்கூடங்களில் பெருங்காற்றைத் தாங்கும் பாதுகாப்பு அறைகள் கட்டப்பட்டுள்ளன. அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் ஜாப்லினைப் பற்றி 2014இல் வெளியிட்ட விரிவான அறிக்கையின் பயனாக, முக்கியக் கட்டடங்களைச் சுழற்காற்றைக் கணக்கிட்டு வடிவமைக்கும் விதிகள் அந்நாட்டின் கட்டடத் தரநூலில் முதன்முறையாக இடம்பெற்றன. மருத்துவமனைக்கு எதிரே இருந்த பூங்காவில் இறந்தோர் நினைவாக 161 மரங்கள் நடப்பட்டன.

இவ்வரலாற்றிலிருந்து நம் ஜமாஅத் எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகள் மூன்றெனக் கருதுகிறோம்.

முதலாவது, நம்மிடம் உள்ள குடும்பப் பதிவேடு. சந்தாவுக்கும் திருமணச் சான்றுக்கும் மட்டும் அதனைப் புரட்டுகிறோம். தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், நாள்தோறும் மருந்து தேவைப்படுவோர், வெளிநாட்டில் இருக்கும் குடும்பத் தலைவரின் தொடர்பு எண் ஆகியவற்றையும் அதில் சேர்த்துப் புதுப்பித்து வைத்தால், வெள்ளமோ புயலோ தீயோ நேரும் நாளில் “யார் இருக்கிறார், யார் இல்லை” என்னும் கேள்விக்கு ஒரு மணி நேரத்தில் விடை கிடைக்கும்.

இரண்டாவது, பள்ளிவாசல் ஒலிபெருக்கி. அரசின் எச்சரிக்கை வானொலியிலும் கைப்பேசியிலும் வரும். ஆயினும் நன்கறிந்த குரலில் வரும் அறிவிப்பே மக்களை எழுப்பும் என்பதை ஜாப்லின் மெய்ப்பித்தது. வீண் பரபரப்பு இன்றி, உறுதியான செய்தி கிடைத்தவுடன் யார் அறிவிப்பது, எந்தத் தெருவுக்கு யார் நேரில் செல்வது என்பதை நிர்வாகக் குழுவும் இளைஞர்களும் முன்கூட்டியே மஷூரா செய்து முடிவெடுத்து வைத்தல் நலம்.

மூன்றாவதே மற்ற இரண்டிற்கும் வேர். பக்கத்துத் தெருவில் வாழும் மாற்றுச் சமயச் சகோதரர்களோடு நமக்குள்ள உறவு. அவர்கள் வீட்டுத் திருமணத்திலும் துக்கத்திலும் நாம் பங்குகொள்வதும், நம் நோன்புக் கஞ்சி அவர்கள் இல்லம் சென்று சேர்வதும் நம் முன்னோர் ஏற்படுத்தி வைத்த வழக்கங்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது நம் கடற்கரை ஜமாஅத்துகள் மீனவச் சகோதரர்களுக்கு உணவும் இடமும் அளித்ததும் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. பேரிடர் வந்தபின் அத்தகைய உறவைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது. நல்ல நாட்களில் சேர்த்து வைத்ததே அன்று கைகொடுக்கும். ஜாப்லின் மக்கள் இழந்தவற்றை மீண்டும் கட்டியது இந்தச் சேமிப்பைக்கொண்டுதான்.

வல்ல இறைவன் நம் ஊரையும் அனைத்து ஊர்களையும் பேரிடர்களிலிருந்து காத்து, ஒருவருக்கொருவர் உதவி வாழும் நற்பேற்றை நமக்கு அருள்வானாக! வஸ்ஸலாம்.